கூட்டிச் சொன்ன சாட்சி

வாலிபர் பொறுப்பை ஏற்றிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

என் கையெழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கும். எழுத்துப்பிழையும் நிறைய இருக்கும். ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் போர்ட் கிள்ளான் கிடங்கில் பெட்டிகளின்மேல் போட்ட நம்பர்கள்தான். வாசிக்க முடியாத இடத்தில் மன்னித்து, ஊகித்து வாசித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என்னை வழியனுப்பும் கூட்டத்தில், "அண்ணே, இருபது வருஷ அனுபவத்துல எங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினீர்கள். நான் "நன்றி" என்று ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பாக்கி மூன்று வார்த்தையை இங்கே எழுதுகிறேன்.

முகாம் நடத்துவது, பாட்டு வரிசை போடுவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை எழுதவில்லை. நான் பிரசங்கம் செய்தவனும் இல்லை. நாற்காலி அடுக்கினேன், சபை வேனை ஓட்டினேன், பிள்ளைகளோடு உட்கார்ந்து டீ குடித்தேன். அதைத்தான் பெரியவர்கள் ஆண்டறிக்கையில் "இளம் தலைவர்களை உருவாக்கும் பணி" என்று எழுதினார்கள். அந்தப் பணியில் நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்லப்போகிறேன். நீங்களும் அதே தப்பைச் செய்யக்கூடிய இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நம் சபைகளில் செய்திக்கு முன்னால் ஒருவர் எழுந்து, தான் ஆண்டவரிடம் வந்த கதையைச் சாட்சியாகச் சொல்வது வழக்கம். வாலிபர்களைப் பேசப் பழக்குவதற்கு நான் எப்போதும் அதில்தான் ஆரம்பிப்பேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில் முதல் தடவையாக ஒரு வாலிபனை எழுப்பிவிட்டேன். சேகர் என்று பேர் வைத்துக்கொள்வோம். கிள்ளானில் ஒரு டயர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். வயது இருபத்திரண்டு இருக்கும். அவன் சொன்னது இது:

"நான் சில கூட்டாளிங்களோட சுத்திக்கிட்டு இருந்தேன். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம், போர்ட் கிள்ளான் மீன் பாசாருக்குப் பின்னால, மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி வச்சுக்கிட்டு நிக்கச் சொன்னாங்க. உள்ள என்ன நடக்கப்போவுதுன்னு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நின்னேன். ஒருத்தன் அம்மான்னு கத்துனான். நான் மோட்டாரை அப்படியே விட்டுட்டு ஓடிட்டேன். மூச்சு வாங்கி நின்ன இடத்துல ஒரு வீட்டுல ஜெபக்கூட்டம். உள்ள போய் உட்கார்ந்தேன். பக்தியில இல்லீங்க, பயத்துல. அவங்க யாருன்னுகூட கேக்காம டீ குடுத்தாங்க. அடுத்த வாரமும் போனேன்."

அவ்வளவுதான். மூன்று நிமிடம்கூட இல்லை. கூட்டத்தில் யார் மனசும் அசையவில்லை. முன் வரிசையில் ஒரு ஆன்டி பாட்டுத் தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து எதிர்க்கடையில் டீ குடிக்கும்போது கேட்டான்.

"எப்படிண்ணே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஓடிட்டேன், ஓடிட்டேன்னு சொன்னா சனங்க மனசுல நிக்காது. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம்லா."

நான் அன்று சொன்னது அந்த ஒரு பேச்சுதான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பையன் நன்றாக வரவேண்டும் என்றுதான் சொன்னேன்.

அடுத்த மாதம் செமினியில் ஒரு வீட்டுக் கூட்டம். அங்கே சேகர் சாட்சி சொன்னபோது மோட்டாரோடு ஒரு பாராங் கத்தியும் வந்தது. கூட்டாளிகளுக்காக அதைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தானாம். சனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இன்னொரு கூட்டத்தில் அவனும் அவர்களோடு அந்த மீன் சந்தைக்குள் போனான். அதற்கடுத்த கூட்டத்தில் அவன் கையே ஓங்கியது. "ஓடிட்டேன்" என்ற வார்த்தை எந்தக் கூட்டத்தில் காணாமல் போனது என்று எனக்கு ஞாபகமில்லை. ஆனால் காணாமல் போனது எனக்குத் தெரியும். கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாக் கூட்டத்திலும் கேட்டவன் நான் ஒருவன்தான்.

கிடங்கில் நாங்கள் பெட்டி அடுக்குவோம். கீழ்ப்பெட்டி விரலளவு தள்ளி உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. இரண்டாவதும் நிற்கும், மூன்றாவதும் நிற்கும், அப்புறம் மொத்தமும் சரியும். தினமும் பார்க்கிற விஷயம். ஆனாலும் இதை நான் அப்படிப் பார்க்கவில்லை.

அவனைப் பார்த்து மற்ற பிள்ளைகளுக்கும் ஆசை வந்தது. கின்னஸ் பீர் போத்தலைத் திறந்தாலே தும்முகிற, நம் சபையில் கிட்டார் வாசித்த தம்பி ஒருநாள் எழுந்து, தானும் சம்சுச் சாராயத்தில் மூழ்கிக் கிடந்ததாகச் சாட்சி சொன்னான். அவன் அம்மா முன் வரிசையில்தான் இருந்தார். "எப்படா குடிச்சே? எனக்குத் தெரியாம?" என்று அங்கேயே கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். பலன் கிடைத்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். சேகரின் சாட்சியைக் கேட்டு நிஜமாகவே சில பையன்கள் தெருச் சண்டையை விட்டுவிட்டு வந்தார்கள். ஆனால் உண்மையான காரணம் வேறு. நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் டீ வாங்கிக் கொடுத்து வளர்த்த பையன், வக்கீலும் ஆசிரியரும் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் பேச, அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவன் வாயில் நானே பேசுவதுபோல இருந்தது. அந்தச் சந்தோஷத்தை விட மனசு வரவில்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. சேகர் வேதாகமக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டான். அவனோடு நெருங்கிப் பழகியவன் என்று, அவன் நடத்தையைப் பற்றி நான் ஒரு கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் பிரிக்பீல்ட்ஸில் பல சபை வாலிபர்கள் சேர்ந்த பெரிய கூட்டம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். சேகர் அன்று, "இந்தக் கையாலதான் ஒரு மனுஷனோட வலது கையை வெட்டினேன். அவன் இன்னிக்கு உயிரோட இருக்கானான்னுகூட எனக்குத் தெரியாது" என்று கையை உயர்த்திக் காட்டினான்.

கூட்டம் கலைந்தபின் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு. கூட வேலை செய்யும் தோழி ஒருத்தி, "இப்படி ஒருத்தர் சாட்சி சொல்றாரு, உங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கு" என்று அழைத்து வந்திருக்கிறாள்.

"நீங்க சொன்ன ஆளு என் தம்பிதாங்க" என்றார் சேகரிடம். "மீன் பாசாருக்குப் பின்னால. தீபாவளிக்கு முந்தின நாளு. அஞ்சு வருஷமாச்சு."

சேகர் ஓரடி பின்னால் போனான்.

"பயப்படாதீங்க. போலீசுக்கெல்லாம் போகமாட்டோம். அம்மாவுக்கு உடம்பு முடியல. டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க. செஞ்சவன் மொகத்த ஒருதடவ பாக்கணும், மனசுல இருக்கிறத இறக்கி வச்சிட்டுப் போகணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. வருவீங்களா?"

"நான் இல்லக்கா" என்று சொல்லியிருக்கலாம். பின்னால் நாற்பது பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேகர், "வரேங்க்கா" என்றான். வரும் சனிக்கிழமை மத்தியானம் என்று முடிவானது.

வேனில் பெடரல் ஹைவே ஏறினோம். ஷா ஆலம் தாண்டியதும் சொன்னான்.

"அண்ணே, நான் வெட்டல."

"தெரியும்."

"தெரியுமா?"

"மொதநாளே சொன்னியே. மோட்டாரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்னு."

என் பக்கம் திரும்பிக் கேட்டான். "அப்புறம் ஏண்ணே சும்மா இருந்தீங்க?"

தம்பி தங்கைகளே, என்னை யாரும் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பாஸ்டர் அந்த வாரம் ஈப்போவில் இருந்தார். சபைச் செயலாளரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டும் பிரதர். சாகப்போற அம்மாவுக்கு நிம்மதி. ஒரு வீடும் சுவிசேஷத்துக்குத் திறக்குது. இப்பப் போய் நான் இல்லன்னு சொன்னா அந்த அம்மாவையும் கொன்ன மாதிரி, சபை பேரும் போயிடும்" என்றார். சேகரும் அதையேதான் நினைத்தான். "கால்ல விழுந்துட்டு வந்துடுறேண்ணே. செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கினா யாருக்கு நட்டம்?"

எனக்கும் அது சரி என்றே பட்டது. வியாழக்கிழமை வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டயர் கடைக்குப் போனேன். சேகர் ஒரு லோரி டயரின்மேல் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தான். "மொதநாள் சொன்ன சாட்சியை எனக்கு இன்னொரு தடவ சொல்லு" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியாது. நாளைக்கு எது உண்மை என்று நமக்காவது ஞாபகம் இருக்கட்டும் என்று தோன்றியது.

அவன் ஆரம்பித்தான். "தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம். நான் பாராங்கை எடுத்து..." என்று கை தானாக மேலே போனது. நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தான். மறுபடியும் பாராங்தான் வந்தது. அவன் கண்ணில் பயம் தெரிந்தது. செய்யாததைச் சொல்லிச் சொல்லி, செய்தது எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தேட வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை மெதுவாக வந்தான். மோட்டார். ஸ்டார்ட்டில் வைத்தது. உள்ளே நடக்கப்போவது தெரிந்தும் நின்றது. பிறகு பேச்சு நின்றுவிட்டது.

"அவன் அம்மான்னு கத்துனாண்ணே" என்றான். "அத விட்டுட்டேன். எல்லா எடத்துலயும் அத விட்டுட்டுச் சொல்லிருக்கேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் இல்லாத ஒரு பெரிய பாவத்தைக் கட்டி, அதற்குப் பின்னால் இருந்த பாவத்தை ஒளித்து வைத்திருந்தோம். வெட்டியவன் என்று சொல்வது அவனுக்குச் சுலபம். அதில் ஒரு வீரம் இருக்கிறது. ஒருவன் கத்தியதைக் கேட்டுவிட்டு ஓடினேன் என்பதில் எதுவும் இல்லை.

"அந்தம்மா வெட்டினவனை மன்னிக்க நினைக்கிறாங்க. அது வேற ஆளுக்கு வந்த தபால். நீ கையெழுத்துப் போட்டு வாங்கக் கூடாது" என்றேன்.

"உண்மையைச் சொன்னா காலேஜ் போச்சு. சபையில மூஞ்சி போச்சு. அந்தம்மாவுக்கும் ஒண்ணும் கெடைக்காது. யாருக்குண்ணே லாபம்?"

"எனக்குத் தெரியலடா. ஆனா நானும் வரேன். கூட்டிச் சொல்லுன்னு மொதல்ல சொன்னது நான்தான்னு அங்க நானே சொல்றேன்."

சாப்பாட்டை அவன் தொடவில்லை. பொட்டலத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டு, "எத்தன மணிக்கு வரீங்க?" என்று கேட்டான்.

போர்ட் கிள்ளானில் கம்பத்துக் குடியிருப்பில் ஒரு வீடு. பலகைச் சுவரில் முருகன் படம், கீழே ஒரு கட்டில். அந்த அம்மா அதில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அக்காதான் எங்களை உள்ளே அழைத்தார். தம்பிக்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். வலது கையைத் துண்டால் மூடியிருந்தார். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான்தான் முதலில் பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். தொண்டையைச் செருமினேன். ஒன்றும் வரவில்லை. சேகர்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, நான் வெட்டல. கூட்டத்துல சொன்னது பொய். வெட்டினவங்களுக்கு மோட்டாரைப் பிடிச்சுக்கிட்டு வெளிய நின்னவன் நான். உங்க மகன் கத்துனது எனக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டு ஓடிட்டேன்."

அக்கா, "அப்ப எதுக்கு வந்தீங்க? ஒரு சாகிற மனுஷிய வச்சு வெளாடுறீங்களா?" என்றார். அந்த அம்மா கையை லேசாகத் தூக்கி மகளை நிறுத்தினார்.

"என்னான்னு கத்துனான்?"

"அம்மான்னு."

"என்னையக் கூப்புட்டானா?"

"ஆமாம்மா."

"நீ கேட்ட."

"கேட்டேன்."

"கேட்டுட்டு ஓடிட்ட."

"ஓடிட்டேம்மா."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே ரோட்டில் லோரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு திரும்பாமலே, "தண்ணி குடு அந்தப் பிள்ளைக்கு. வேர்த்து ஊத்துது" என்றார் மகளிடம். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. இதை நான் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

நாங்கள் வெளியே வந்து வேன் கதவைத் திறந்தபோது தம்பிக்காரர் எழுந்து வந்தார்.

"மோட்டாரு ஓடிக்கிட்டே இருந்துச்சு" என்றார் சேகரைப் பார்த்து. "அந்தச் சத்தத்துல என் கொரலு யாருக்குமே கேக்கலன்னுதான் இத்தன வருஷமா நெனச்சிக்கிட்டு இருந்தேன். ஒனக்குக் கேட்டிருக்கு."

"கேட்டுச்சுண்ணே."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அது கோபமா, ஆறுதலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் நம் சபையில் சேகர் எழுந்து இரண்டு வருஷமாகச் சொன்னது பொய் என்று சொன்னான். யாரும் அழவில்லை. அவன் உட்காருவதற்குள் நானும் எழுந்தேன். "கூட்டிச் சொல்லச் சொன்னது நான்தான். எல்லாம் தெரிஞ்சும் பேசாம இருந்தேன்" என்றேன். சபையில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். செயலாளர் ஆறு மாதம் எங்களோடு பேசவில்லை. கல்லூரிக்குக் கொடுத்த கடிதத்தில் நடந்ததை அப்படியே எழுதினேன். இடம் கிடைக்கவில்லை. சாட்சி சொல்ல அழைப்பதும் நின்றது. இரண்டொரு பையன்கள் "எல்லாம் டூப்பு லா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. அந்தக் கணக்கு என்னுடையது.

சேகர் டயர் கடையிலேயே இருந்தான். சனிக்கிழமை மத்தியானங்களில் அந்த வீட்டுக்குப் போனான். முதலில் அக்கா வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார். அவன் போவதை விடவில்லை. அந்த அம்மா இறந்தபோது நாற்காலி இறக்கினான், பந்தல் கட்டினான். அதற்குப் பிறகு தம்பிக்காரரைக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவதும் வருவதும் அவன்தான். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லையாம்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு பிள்ளை சாட்சி சொல்லி இறங்கியதும் "அருமை", "இன்னும் அழுத்திச் சொல்லு" என்று உடனே சொல்லாதீர்கள். அவன் எந்த இடத்தில் வேகமாகக் கடந்து போனான் என்று கவனியுங்கள். பிறகு தனியாக உட்கார்ந்து, டீ ஆறினாலும் பரவாயில்லை, அந்த இடத்தைக் கேளுங்கள். சனங்கள் விசிறிக்கொண்டிருந்தால் விசிறட்டும்.

சேகர் யார் என்று தேட வேண்டாம். சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்து உங்களை வீடு வீடாகக் கொண்டுபோய் விடுகிற வேனை இப்போது ஓட்டுகிறவர்தான். பேரை மாற்றினேன், ஆளை மாற்ற முடியாது. எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கண்ணே. ஆனா மொதல்ல என்கிட்ட குடுங்க" என்றார்.

கொடுத்தேன். வேனில் உட்கார்ந்தே முழுதும் வாசித்தார். அந்த வீட்டைவிட்டு வெளியே வரும்போது அவர் அழுதார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதன்மேல் விரலை வைத்தார்.

"நான் அழலண்ணே. வேர்வைதான்."

அந்த வரியை அடித்துவிட்டேன். தாளில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான்,
1997 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை.